ஆரம்பகால ரோம்: கடனாளியும் சிப்பாயும் ஒரே ஆள்தான் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ரோம்னு சொன்னாலே சீசர், கிளாடியேட்டர், அப்புறம் பேரரசுன்னு போயிடறாங்க. இங்க பேசப்போறது அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடி, ராஜாவை விரட்டினதா சொல்ற கி.மு. 509ல இருந்து சுமார் கி.மு. 287 வரைக்கும், ரோம் வெறும் ஒரு ஊரா இருந்து அக்கம்பக்கத்து ஊர்களோட வருஷாவருஷம் அடிச்சுக்கிட்டு உள்ளுக்குள்ளயும் அடிச்சுக்கிட்ட காலம். இந்த ரெண்டு சண்டையையும் தனித்தனி பாடமா படிச்சா ரெண்டுமே புரியாதுங்கறது என் கருத்து, அதனால கேள்விகளையும் கலந்தேதான் போட்டிருக்கேன்.

பேட்ரிஷியன்னா பணக்காரன், ப்ளெபியன்னா ஏழை, அவ்வளவுதானே?

அவ்வளவு சுலபமா இருந்திருந்தா இருநூறு வருஷம் இழுத்திருக்காது. பேட்ரிஷியன்ங்கறது பிறப்பால வர்றது. ஃபேபியஸ், கிளாடியஸ், கொர்னீலியஸ், வலேரியஸ்னு சில குடும்பங்கள், அவங்கதான் கான்சல், அதாவது வருஷாவருஷம் தேர்ந்தெடுக்கற ஆட்சித்தலைவர் ஆகலாம், அவங்கதான் பூசாரி ஆகலாம், சகுனம் பாக்கற உரிமையும் அவங்ககிட்டதான். மிச்சம் எல்லாரும் ப்ளெபியன். அந்த மிச்சத்துல ரெண்டு ஏக்கர் வச்சிருக்கற விவசாயியும் இருக்கான், பட்டறை வச்சிருக்கறவனும் இருக்கான், பேட்ரிஷியனை விட பணம் வச்சிருந்தும் பதவிக்கு வர முடியாத பெரிய மனுஷனும் இருக்கான்.

இத நல்லா மனசுல வச்சுக்கங்க, ஏன்னா பணக்கார ப்ளெபியனுக்கு வேண்டியது பதவி, ஏழை ப்ளெபியனுக்கு வேண்டியது கடன்ல இருந்து விடுதலையும் கொஞ்சம் நிலமும். ரெண்டு பேரும் ஒரே கூட்டத்துல நின்னு ஒரே கோஷம் போட்டாங்க, ஆனா யாருக்கு எது எப்ப கிடைச்சுதுன்னு பாத்தா கதை வேற மாதிரி இருக்கும்.

ராஜாவை விரட்டினதும் ஜனங்களுக்கு விடிவு வரலையா?

டார்க்வினியஸ் போனான், அவன் இடத்துக்கு வருஷத்துக்கு ரெண்டு கான்சல் வந்தாங்க, ரெண்டு பேரும் பெரிய வீட்டுப் பிள்ளைங்க. சாதாரண ஆளுக்கு ஒரு எஜமான் போய் பல எஜமான் வந்த மாதிரி. லிவிங்கற ரோமன் வரலாற்றாசிரியர் ஒண்ணு சொல்றார், ராஜா திரும்பி வந்துடுவானோங்கற பயம் இருந்த வரைக்கும் செனட்காரங்க, அதாவது பெரிய குடும்பத்து ஆளுங்க உக்கார்ற ஆலோசனை சபைக்காரங்க, ஜனங்களை நல்லா கவனிச்சுக்கிட்டாங்களாம், டார்க்வினியஸ் நாடுகடந்த இடத்துலயே செத்துட்டான்னு 495ல (இங்க வர்ற பழைய வருஷமெல்லாம் கி.மு.தான்) சேதி வந்ததும் கெடுபிடி ஆரம்பிச்சுடுச்சாம்.

அப்போ போர்னா எப்படி இருக்கும்? சினிமால வர்ற மாதிரி லீஜன், சிவப்பு உடுப்பு, வரிசையா கேடயம்?

அதெல்லாம் நானூறு ஐநூறு வருஷம் தள்ளி. இப்போதைக்கு ஒரு கோடைகாலத்து கொள்ளைன்னு நினைச்சுக்கங்க. அறுவடை நேரத்துல மலைல இருந்து ஈக்வி ஜனங்க இறங்குவாங்க, தெக்க இருந்து வோல்ஸ்கி வருவாங்க, வடக்க டைபர் ஆத்துக்கு அந்தப்பக்கம் எட்ருஸ்கன் ஊரான வேயி, வடகிழக்க சபைன். வந்து மாட்டை ஓட்டிக்கிட்டு போவாங்க, பயிரைக் கொளுத்துவாங்க. ரோமும் அடுத்தவன் ஊருக்கு போய் அதையேதான் பண்ணும்.

நிரந்தர படை கிடையாது, சம்பளம் கிடையாது, ஆயுதத்தை அவனவன் சொந்த காசுல வாங்கணும். கான்சல் கூப்பிட்டா பேர் கொடுக்கணும், அவ்வளவுதான்.

அதோட எல்லா போரும் அரசாங்கப் போரும் இல்ல. பெரிய குடும்பங்க தங்களோட ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு சொந்தமாவே சண்டைக்கு போயிருக்காங்க. 479ல ஃபேபியஸ் குடும்பம் மட்டும் வேயிக்கு எதிரா கிரமேரா ஆத்தங்கரைல முகாம் போட்டு, 477ல 306 பேரும் செத்ததா கதை. கதைல மிகைப்படுத்தல் இருக்கலாம், ஆனா 1977ல சட்ரிகம்ங்கற இடத்துல ஒரு கல்வெட்டு கிடைச்சுது, சுமார் கி.மு. 500ஐச் சேர்ந்தது, அதுல "போப்லியோஸ் வலேசியோஸ்"ங்கறவரோட கூட்டாளிங்க போர்க்கடவுள் மார்ஸுக்கு காணிக்கை வச்சதா எழுதியிருக்கு. ஊர் பேர் இல்ல, நாட்டு பேர் இல்ல, ஒரு தலைவன் பேரைச் சொல்லித்தான் அந்த ஆளுங்க தங்களை அடையாளம் காட்டிக்கறாங்க. எனக்கு இந்த காலத்துல ரொம்ப புடிச்ச ஆதாரம் இதுதான்.

போருக்கும் கடனுக்கும் என்ன சம்பந்தம்?

இங்கதான் மொத்த விஷயமும் இருக்கு, கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

495ல ரோம் சந்தைவெளில, ஃபோரம்னு சொல்ற இடத்துல, ஒரு கிழவன் ஓடி வர்றான். கிழிஞ்ச துணி, எலும்பும் தோலுமா உடம்பு, நீளமா வளந்த தாடி. பாக்கறவங்களுக்கு அடையாளம் தெரியுது, அடேய் இவர் செஞ்சூரியனா (சின்ன படைப்பிரிவுக்கு தலைவர்) இருந்தவராச்சேன்னு. நெஞ்சுல போர்க்காயத்தோட தழும்பு எல்லாம் காட்டறார். எப்படி இப்படி ஆனீங்கன்னு கேட்டதுக்கு அவர் சொன்னதா லிவி எழுதறது இதுதான்: சபைன் போருக்கு போயிருந்தேன், அந்த நேரத்துல எதிரி வந்து பயிரைக் கொளுத்திட்டான், வீட்டையும் கொளுத்திட்டான், மாட்டை ஓட்டிட்டு போயிட்டான், அந்த நேரம் பாத்து வரி கேட்டாங்க, கடன் வாங்கினேன், வட்டி ஏறிச்சு, முதல்ல தாத்தா அப்பா வச்சிட்டுப்போன நிலம் போச்சு, அப்புறம் மத்த சொத்து போச்சு, கடைசில உடம்பே போச்சு, கடன் கொடுத்தவன் என்னை இழுத்துக்கிட்டு போய் சித்திரவதைக் கொட்டடில போட்டான். சொல்லிட்டு திரும்பி முதுகைக் காட்டறார், புதுசா விழுந்த சாட்டையடி.

அந்த கிழவர் நிஜமாவே இருந்தாரான்னு கேட்டா நான் அடிச்சு சொல்ல மாட்டேன். ஆனா கதைல இருக்கற கணக்கு சரியான கணக்கு. நாலு ஏக்கர் கூட இல்லாத விவசாயி, அவனோட ஒரே உழைப்பாளியே அவன்தான், அவனை உழவு சமயத்துலயும் அறுப்பு சமயத்துலயும் படைக்கு கூட்டிட்டு போனா நிலம் என்ன ஆகும்? ஜெயிச்சா கிடைக்கற கொள்ளைப்பொருளும் நிலமும் பெரும்பாலும் பெரிய கைகளுக்கு போகுது, தோத்தா கொளுத்தப்படறது இவன் பயிர். ஊருக்காக சண்டை போட்டே ஓட்டாண்டியாகறான், ஓட்டாண்டியானதும் ஊர்க்காரனுக்கே கொத்தடிமையாகறான். இந்த ஏற்பாட்டுக்கு பேர் நெக்ஸம், உடம்பையே அடமானம் வைக்கறது.

சரி, 494ல என்ன ஆச்சு? எல்லா புக்லயும் அந்த வருஷம் வருதே?

கிழவரைப் பாத்து கூட்டம் கொதிச்சுக்கிட்டு இருக்கும்போதே வோல்ஸ்கி படை வருதுன்னு சேதி வருது. ஜனங்களுக்கு ஒரே சந்தோஷம்! கொள்ளைப்பொருளை எடுத்துக்கறவங்களே போய் சண்டை போடட்டும்னு சொல்லிட்டு பேர் கொடுக்க மாட்டேன்னுட்டாங்க. செர்வீலியஸ்னு ஒரு கான்சல் இறங்கி வந்து ஒரு உத்தரவு போட்டார், ரோமக் குடிமகனை அடைச்சு வச்சு படைல சேராம தடுக்கக்கூடாது, ஒருத்தன் முகாம்ல இருக்கற வரைக்கும் அவன் சொத்தைத் தொடக்கூடாதுன்னு. உடனே கடன் கொட்டடில இருந்து ஆளுங்க பொலபொலன்னு வந்து சேர்ந்தாங்க, வோல்ஸ்கியை அடிச்சு நொறுக்கினாங்க. திரும்பி வந்ததும் இன்னொரு கான்சல் அப்பியஸ் கிளாடியஸ் கடன் வழக்குகளை முன்னைவிட கடுமையா தீர்க்க ஆரம்பிச்சார். உத்தரவு போர் முடியற வரைக்கும்தானாம்.

அடுத்த வருஷம் 494ல அதே டிராமா இன்னும் பெரிசா. மூணு பக்கம் எதிரி, ஜனங்க மறுபடி மறுப்பு, மேனியஸ் வலேரியஸை டிக்டேட்டரா, அதாவது நெருக்கடிக்காக தற்காலிகமா முழு அதிகாரம் கொடுக்கற தலைவரா போட்டாங்க, அவர் குடும்பத்து மேல ஜனங்களுக்கு நம்பிக்கை, அவர் வாக்கு கொடுத்தார், படை திரண்டுச்சு, ஜெயிச்சாங்க, அவர் செனட்ல போய் கடனாளிங்களுக்கு ஏதாவது பண்ணுங்கன்னு கேட்டார், முடியாதுன்னாங்க, அவர் கோவத்துல பதவியை விட்டுட்டு வீட்டுக்கு போயிட்டார். செனட்டுக்கு பயம், இந்தப் படையை கலைச்சா ஊருக்குள்ள கூடி சதி பண்ணுவாங்க, அதனால ஈக்வி ஜனங்க மறுபடி வர்றாங்கன்னு ஒரு சாக்கு சொல்லி, இன்னும் படைச் சத்தியத்துக்கு கட்டுப்பட்டவங்கதானே நீங்கன்னு படையை வெளிய அனுப்ப பாத்தாங்க.

படை வெளிய போச்சு, ஆனா ஈக்வி பக்கம் போகல. ஆனியோ ஆத்தைத் தாண்டி, ரோம்ல இருந்து மூணு மைல்ல, புனித மலைங்கற மேட்டுல போய் உக்காந்துட்டாங்க. அவென்டைன் குன்றுதான்னு சொல்ற இன்னொரு பழைய குறிப்பும் இருக்கு. அகழி வெட்டி முகாம் போட்டு, சாப்பாட்டுக்கு வேண்டியதைத் தவிர எதையும் தொடாம, யாரையும் அடிக்காம சும்மா இருந்தாங்க. அந்த சும்மா இருந்ததுதான் மிரட்டல். ஆளுற வர்க்கம் கிட்ட தனியா போலீஸ் இல்ல, கூலிப்படை இல்ல, அடக்கணும்னா எந்த படையை வச்சு அடக்கறது? படையே மலைமேல உக்காந்திருக்கே.

வயிறு கதை சொல்லி சமாதானப்படுத்தினாங்கன்னு படிச்சேன், நிஜமா?

மெனேனியஸ் அக்ரிப்பாங்கறவரை அனுப்பினாங்க. கை, வாய், பல்லு எல்லாம் சேந்து சும்மா உக்காந்து திங்கற வயித்துக்கு எதிரா ஸ்ட்ரைக் பண்ணிச்சாம், கடைசில மொத்த உடம்பும் வாடிப்போச்சாம், வயிறும் வேலை பாக்குதுன்னு அப்பதான் புரிஞ்சுதாம். வயிறுன்னா செனட்.

அழகான கதைதான், ஆனா கதையைக் கேட்டுட்டா இறங்கி வந்தாங்க? ப்ளெபியன்களைக் காப்பாத்தறதுக்கான டிரிப்யூன்ங்கற பதவி எழுத்துப்பூர்வமா கிடைச்ச மாதிரி ஆனப்புறம்தான் இறங்கினாங்க. இன்னொண்ணு கவனிங்க, மலை ஏறினது கடனுக்காக, இறங்கினது பதவியோட. லிவி சொல்ற சமாதான ஷரத்துல கடன் தள்ளுபடின்னு ஒரு வார்த்தை கிடையாது.

டிரிப்யூன் அப்படி என்ன பெரிய ஆளு?

முதல்ல ரெண்டு பேர், அப்புறம் கூடிக்கிட்டே போய் 457ல 10 பேர். இவங்களுக்கு படை கிடையாது, ஒண்ணே ஒண்ணுதான் உண்டு: இவங்க மேல கை வைக்கறவனை யார் வேணா கொல்லலாம்னு ப்ளெபியன்கள் எல்லாரும் சேந்து சத்தியம் பண்ணியிருந்தாங்க. அந்த தைரியத்துல ஒரு ஆபீசர் ஒருத்தனை கைது பண்ண வந்தா டிரிப்யூன் குறுக்க போய் நின்னு தடுப்பார். ராத்திரி ஊரை விட்டு வெளிய தங்கக்கூடாது, வீட்டுக்கதவு ராவும் பகலும் திறந்தே இருக்கணும், யாராவது உதவின்னு ஓடி வரலாம்ல.

அவென்டைன்ல செரீஸ் கோயில்தான் இவங்க தலைமையிடம் மாதிரி, 493ல பிரதிஷ்டை. செரீஸ் தானியத்தோட தெய்வம். பசியில இருக்கற கட்சிக்கு வேற எந்த தெய்வம் பொருந்தும்.

ஆனா ஓட்டை ஒண்ணு இருந்துச்சு. டிரிப்யூன் அதிகாரம் ஊரையும் அதைச் சுத்தி ஒரு மைலையும் தாண்டாது. 483ல டிரிப்யூன் ஒருத்தர் ஆள்சேர்ப்பை தடுத்ததும் கான்சல்கள் ரெண்டு பேரும் நாற்காலியைத் தூக்கிக்கிட்டு ஊருக்கு வெளிய மைதானத்துல போய் போட்டு அங்க பேர் கூப்பிட்டாங்க. வராதவன் நிலத்துல இருந்த குடிசையை இடிச்சாங்க, குத்தகைக்காரனா இருந்தா மாட்டையும் கலப்பையையும் எடுத்துக்கிட்டு போனாங்க.

எதிரி வாசல்ல நிக்கும்போது சண்டைக்கு வர மாட்டேன்னா அது துரோகம் இல்லையா?

செனட்காரங்க இதையேதான் கேட்டாங்க. கேட்டவங்களுக்கு நிலமும் கொள்ளைப்பொருளும் சேர்ந்துக்கிட்டே இருந்துச்சுங்கறதையும் சேத்து பாக்கணும். வேற எந்த நேரத்துல கேட்டா கிடைச்சிருக்கும்? எதிரி இல்லாத வருஷத்துல கேட்டது நடந்ததா கதைல வர்றது ரொம்ப அபூர்வம்.

மறுப்பு வாசல்ல மட்டும் இல்ல, போர்க்களத்துலயே நடந்திருக்கு. 481ல கான்சல் கீசோ ஃபேபியஸ் குதிரைப்படையை வச்சு எதிரி வரிசையை உடைச்சுட்டார், துரத்திப் பிடிக்க வேண்டியது காலாட்படை, அவங்க நின்ன இடத்துல நின்னுட்டாங்க. இவருக்கு வெற்றி ஊர்வலம் கிடைக்கக்கூடாது, அவ்வளவுதான் நோக்கம். 471ல இன்னும் மோசம், இன்னொரு அப்பியஸ் கிளாடியஸ் தலைமைல போன படை வேணும்னே மெதுவா நடந்து, வேணும்னே சொதப்பி, வோல்ஸ்கி கிட்ட இருந்து ஓடி வந்துச்சு. அந்தாளு செஞ்சூரியன்களை சாட்டையால அடிச்சு தலையை வெட்டினார், மிச்சம் இருந்தவங்கள்ல பத்துல ஒருத்தனை சீட்டுப்போட்டு எடுத்து கொன்னார். 414ல எதிர்ப்பக்கம்: போலேங்கற ஊரைப் பிடிச்சா கொள்ளைப்பொருள் உங்களுக்குன்னு சொல்லிட்டு வாக்கு மாறின போஸ்டுமியஸை அவரோட சொந்த சிப்பாய்களே கல்லால அடிச்சு கொன்னுட்டாங்க.

460ல வேற மாதிரி ஒண்ணு. ஹெர்டோனியஸ்னு ஒரு சபைன்காரன், நாடுகடத்தப்பட்டவங்களையும் அடிமைகளையும் கூட்டிக்கிட்டு ராத்திரியோட ராத்திரியா கேபிடல் குன்றையே பிடிச்சுட்டான். ஊருக்கு நடுவுல கோட்டை எதிரி கைல! அப்பவும் டிரிப்யூன்கள் ஆயுதம் எடுக்காதீங்க, முதல்ல சட்டத்தை எழுதி வைக்கட்டும்னு நின்னாங்க. கான்சல் வலேரியஸ் வாக்கு கொடுத்து கூட்டிக்கிட்டு போனார், குன்றை மீட்டாங்க, அவர் அந்த சண்டைலயே செத்துட்டார். வாக்கும் அவரோட போச்சு.

எண்ணிக்கைல ஜனங்கதானே அதிகம், ஓட்டுப்போட்டே ஜெயிச்சிருக்கலாமே?

ஓட்டு எண்ணின விதம் தெரிஞ்சா இந்த கேள்வி வராது. கான்சலைத் தேர்ந்தெடுக்கற சபை படை வரிசைப்படியே அமைஞ்சது. மொத்தம் 193 குழு, குழுவுக்கு ஒரு ஓட்டு. குதிரைப்படை குழு 18, முழு கவசம் வாங்கற வசதி உள்ள முதல் வகுப்புக்கு 80. ரெண்டையும் கூட்டினா 98, பாதிக்கு மேல வந்தாச்சு, அவங்க ஒத்துப்போயிட்டா கீழ இருக்கறவங்களைக் கூப்பிடவே வேண்டாம். சொத்தே இல்லாத அத்தனை பேருக்கும் சேத்து ஒரே ஒரு குழு. நல்ல ஆயுதம் வச்சிருக்கறவனுக்கு நல்ல ஓட்டு. இந்த கணக்கு முழுசா இந்த ரூபத்துல அமைஞ்சது கொஞ்சம் பிந்தின காலம்னு பலர் சொல்றாங்க, தத்துவம் பழசுதான்.

பன்னிரண்டு பலகை சட்டம் ஏழைக்கு உதவிச்சா?

கொஞ்சம். 462ல டெரென்டிலியஸ்னு ஒரு டிரிப்யூன் சட்டத்தை எழுதி வைங்கன்னு கேட்க ஆரம்பிச்சார், 451, 450ல பத்து பேர் கமிட்டி எழுதினாங்க. சட்டம் பூசாரி வாய்ல இருந்த வரைக்கும் அவர் சொன்னதுதான் சட்டம், பலகைல வந்துட்டா காட்டிக் கேக்கலாம், அது பெரிய விஷயம்தான். ஆனா பலகைல இருந்தது என்ன? தீர்ப்பு வந்து 30 நாளுக்குள்ள கடனைக் கட்டணும், கட்டலைன்னா கடன் கொடுத்தவன் பிடிச்சு கட்டி வைக்கலாம், சோறு போட்டா தினம் ஒரு ராத்தல் தானியம், 60 நாள் காவல், அதுக்குள்ள மூணு சந்தை நாள்ல கூட்டிட்டு வந்து கடன் தொகையைச் சொல்லி யாராவது கட்டறாங்களான்னு பாக்கணும், இல்லைன்னா டைபருக்கு அந்தப்பக்கம் அடிமையா விக்கலாம் இல்ல கொல்லலாம். கொடுமையைக் குறைக்கல, கொடுமைக்கு தேதி குறிச்சாங்க.

கமிட்டியோட ஆட்டம் முடிஞ்சது வெர்ஜினியாங்கற பொண்ணு விஷயத்துல. கமிட்டி தலைவர் அப்பியஸ் கிளாடியஸ் (ஆமா, மறுபடி அந்த குடும்பமே) அவளை அடையறதுக்காக தன் ஆளை விட்டு அவ என் அடிமைன்னு பொய் வழக்கு போட வச்சார், அவ அப்பா, முகாம்ல இருந்து ஓடி வந்த செஞ்சூரியன், சந்தைவெளிலயே கசாப்புக்கடை கத்தியால மகளைக் குத்திக் கொன்னார். 449ல படை ரெண்டாவது தடவையா மலை ஏறிச்சு, கமிட்டி கலைஞ்சுது.

கல்யாணத்தை ஏன் தடை பண்ணாங்க?

அந்த பலகைகள்லயே பேட்ரிஷியனும் ப்ளெபியனும் கல்யாணம் பண்ணிக்கக்கூடாதுன்னு ஒரு ஷரத்து. ரத்தம் கலந்துட்டா சகுனம் பாக்கற உரிமை கெட்டுப்போயிடுமாம். 445ல கனுலேயஸ்ங்கற டிரிப்யூன் இத நீக்கற வரைக்கும் படைக்கு ஆள் கிடையாதுன்னு சொல்லி நீக்க வச்சார். சாதிக்கட்டுப்பாடு எப்படி பேசுமோ அதே பேச்சு.

மக்கள் பக்கம் நின்ன பேட்ரிஷியன் யாருமே இல்லையா?

இருந்தாங்க, முடிவு நல்லா இல்ல. ஸ்பூரியஸ் கேஸியஸ் 486ல பொது நிலத்தைப் பிரிச்சு கொடுக்கணும்னார், அடுத்த வருஷம் ராஜாவாகப் பாக்கறான்னு சொல்லி கொன்னு வீட்டையும் இடிச்சாங்க. 439ல மேலியஸ், இவர் பணக்கார ப்ளெபியன், பஞ்சத்துல எட்ருரியால இருந்து தானியம் வாங்கி கொடுத்தார், அதே குற்றச்சாட்டு, குத்திக் கொன்னாங்க. மேன்லியஸ் கேபிட்டோலினஸ் கதைதான் எனக்கு ரொம்ப உறுத்தும். வடக்க இருந்து வந்த கால் (Gaul) இனத்துப் படை ரோமைக் கொளுத்தினப்போ கேபிடல் குன்றைக் காப்பாத்தினவர், கடனுக்காக இழுத்துட்டு போற ஒரு செஞ்சூரியனைப் பாத்து அங்கயே கடனைக் கட்டி விடுவிச்சார், அதே மாதிரி வட்டியில்லாம பணம் கொடுத்து மீட்ட சுமார் 400 பேரை விசாரணைல கொண்டுவந்து நிறுத்தினாராம். விசாரணை நடந்த மைதானத்துல இருந்து கேபிடல் குன்று தெரியுது, அதைப் பாத்துக்கிட்டே அவரைத் தண்டிக்க ஜனங்களுக்கு மனசு வரல, அதனால குன்று கண்ணுல படாத ஒரு தோப்புக்கு விசாரணையை மாத்தினாங்க. 384ல தார்ப்பியப் பாறைல இருந்து தள்ளிக் கொன்னாங்க.

அப்போ நிலைமை எப்பதான் மாறிச்சு?

என்னைக் கேட்டா வேயி. ரோம்ல இருந்து 16 கிலோமீட்டர்ல இருந்த எட்ருஸ்கன் ஊர், பாறைமேல கோட்டை, செழிப்பான வயல். 406ல இருந்து 396 வரைக்கும் முற்றுகை, பத்து வருஷம்ங்கறது கிரேக்கங்க பத்து வருஷம் முற்றுகை போட்ட டிராய் கதையைப் பாத்து போட்ட கணக்கா இருக்கலாம், நீண்ட முற்றுகைங்கறது உண்மை. கோடைல போய் அறுவடைக்கு திரும்பற படையை வச்சு இதைச் செய்ய முடியாது. அதனால 406ல முதல் தடவையா சிப்பாய்க்கு பொதுப்பணத்துல படி கொடுக்க ஆரம்பிச்சாங்க. ஜனங்க சந்தோஷத்துல செனட் வாசலுக்கே ஓடினாங்களாம். டிரிப்யூன்கள் மட்டும் எச்சரிச்சாங்க, இந்த பணம் உங்க வரிதான், ஒரு கைல கொடுத்து இன்னொரு கைல வாங்குவாங்கன்னு. அவங்க சொன்னதும் நடந்துச்சு, குளிர்காலத்துலயும் முகாம்லயே இருங்கன்னாங்க.

கேமில்லஸ்ங்கறவர் டிக்டேட்டரா வந்து வேயியைப் பிடிச்சார். உயிரோட மிஞ்சின சுதந்திர குடிமக்களை அடுத்த நாள் அடிமைகளா வித்தாங்க. 393ல அந்த நிலத்தை ப்ளெபியன்களுக்கு தலைக்கு ஏழு யூகேரம், சுமார் நாலரை ஏக்கர்னு பிரிச்சுக் கொடுத்தாங்க, குடும்பத்தலைவருக்கு மட்டும் இல்ல, வீட்ல இருக்கற சுதந்திரமான ஒவ்வொருத்தருக்கும். நூறு வருஷமா கேஸியஸ் மாதிரி ஆளுங்க கேட்டு செத்ததை ஒரு பக்கத்து ஊரோட அழிவு கொடுத்துடுச்சு. பேட்ரிஷியன் தன் நிலத்துல ஒரு சாணைக்கூட விட்டுக்கொடுக்கல. அதுக்கப்புறம் ரோமோட வழக்கமே இதுதான்: உள்ளூர்ல பிரிக்க வேண்டியதை வெளியூர்ல பறிச்சு கொடுக்கறது. ஏழை சிப்பாய்க்கும் இப்போ போர்ல ஒரு பங்கு, அவன் இனிமே மலை ஏறறதை விட வெளிநாடு போறதுலதான் ஆர்வமா இருப்பான்.

லிசினியஸ், செக்ஸ்டியஸ் சட்டம்னா?

ரெண்டு பணக்கார ப்ளெபியன் டிரிப்யூன்கள், வருஷாவருஷம் திரும்பத் திரும்ப ஜெயிச்சு பத்து வருஷம் விடாம முட்டி 367ல நிறைவேத்தினது. கட்டின வட்டியை அசல்ல கழிச்சு மிச்சத்தை மூணு தவணைல கட்டலாம். பொது நிலத்துல யாரும் 500 யூகேரத்துக்கு மேல, அதாவது சுமார் 310 ஏக்கருக்கு மேல வச்சிருக்கக்கூடாது. ரெண்டு கான்சல்ல ஒருத்தர் ப்ளெபியன். அடுத்த வருஷமே செக்ஸ்டியஸ் முதல் ப்ளெபியன் கான்சல். லிசினியஸ்? 357ல தன் பேர்ல இருக்கற நிலச்சட்டத்தையே மீறினதுக்காக அபராதம் கட்டினார், மகனை சட்டப்படி பிரிச்ச மாதிரி காட்டி ரெண்டு பேரும் சேத்து 1000 யூகேரம் வச்சிருந்தாராம். நான் முதல்ல சொன்னேன்ல, ஒரே கோஷம் ரெண்டு கூட்டம்னு.

கடன் கொத்தடிமை எப்ப ஒழிஞ்சுது?

லிவி கணக்குல 326, 313ன்னும் ஒரு கணக்கு இருக்கு. அப்பா கடனுக்கு தன்னை அடகு வச்ச பப்லிலியஸ்ங்கற சின்னப் பையன்கிட்ட கடன் கொடுத்தவன் தப்பா நடக்கப் பாத்து, அவன் ஒத்துக்காததால சாட்டையால அடிச்சான், பையன் ரத்த முதுகோட தெருவுக்கு ஓடி வந்தான், கூட்டம் செனட் வாசலை மறிச்சுது. போட்டீலியஸ் சட்டம் வந்துச்சு, கடனுக்கு சொத்துதான் பொறுப்பு, உடம்பு இல்லன்னு.

கூட்டத்தோட கோபம் உண்மைதான். ஆனா அதே வருஷங்கள்ல சாம்னைட்ங்கற இத்தாலிய மலைஜனங்களோட நடந்த போர்ல கைதானவங்க அடிமைச்சந்தைக்கு வர ஆரம்பிச்சிருந்தாங்க, அடுத்த முப்பது வருஷத்துல அது பல்லாயிரக்கணக்குல போச்சு. பெரிய பண்ணைக்காரனுக்கு இனிமே கடன்பட்ட ரோமன் தேவையில்ல, வெளியூர்க்காரன் கிடைக்கறான், அதுவும் டிரிப்யூன்கிட்ட ஓட முடியாத ஆளு.

இதெல்லாம் நிஜமா நடந்ததுதானா?

கதை சொல்ற லிவியும் டயோனிசியஸும் நானூறு ஐநூறு வருஷம் கழிச்சு எழுதினவங்க, அவங்க காலத்து உள்நாட்டுச் சண்டையோட வாடை இதுல நிறைய அடிக்கும். நாடகமாட்டம் இருக்கற காட்சி, நீள நீளமான பேச்சு எல்லாம் அவங்க கைவண்ணம். அப்பியஸ் கிளாடியஸ் எல்லா தலைமுறைலயும் வில்லனா வர்றது சந்தேகமா இல்லையா? ஆரம்ப கான்சல் பட்டியல்ல பின்னாடி ப்ளெபியன் குடும்பமா மட்டும் தெரியற பேருங்களும் இருக்கு, கேஸியஸ், ஜூனியஸ் மாதிரி, அதனால பேட்ரிஷியன் வட்டம் முதல்ல அவ்வளவு இறுக்கமா இல்ல, போகப்போகத்தான் கதவை சாத்தினாங்கன்னு ஆராய்ச்சியாளர்கள்ல பலர் நினைக்கறாங்க. பன்னிரண்டு பலகையோட வரிகள், டிரிப்யூன் பதவி, வேயி நிலம், கடன் சட்டங்கள், இதெல்லாம் தைரியமா கால் வைக்கலாம். கசாப்புக்கத்தி காட்சிக்கு நான் உத்தரவாதம் இல்ல.

287ல என்ன?

கடைசி வெளியேற்றம். மறுபடி கடன், மறுபடி ஊரை விட்டு போனாங்க, இந்த தடவை டைபருக்கு அந்தப்பக்கம் ஜானிகுலம் குன்று. ஹோர்டென்சியஸ்ங்கற டிக்டேட்டர் கொண்டு வந்த சட்டப்படி ப்ளெபியன் சபை போடற தீர்மானம் எல்லாரையும் கட்டுப்படுத்தும். புக்ல எல்லாம் இதோட வர்க்கப்போராட்டம் முடிஞ்சதுன்னு போடுவாங்க. அதுக்குள்ள பணக்கார ப்ளெபியன் குடும்பங்க கான்சல், பூசாரி எல்லாம் ஆகி பேட்ரிஷியன் வீட்ல பொண்ணெடுத்து ஒரே மேல்தட்டா ஆயாச்சு, டிரிப்யூன் பதவியும் அந்த வீட்டுப் பிள்ளைங்களுக்கு முதல் படியாயிடுச்சு. முடிஞ்சது அவங்க சண்டை.

சொத்தே இல்லாதவன் படைல இருந்தானா?

ரொம்ப காலம் இல்ல. ஆயுதம் வாங்க வழியில்லாதவனை சேக்க மாட்டாங்க, அதனால மலை ஏறி மிரட்டற பலமும் அவனுக்கு கிடையாது, இந்த மொத்த கதைலயும் அவன் ஓரத்துலதான் நிக்கறான். பிர்ரஸ்ங்கற கிரேக்க மன்னன் இத்தாலிக்கு படையெடுத்து வந்த நெருக்கடில அரசாங்க செலவுல ஆயுதம் கொடுத்து இவங்களை நிறுத்தினதா ஒரு குறிப்பு இருக்கு. வழக்கமா சேக்க ஆரம்பிச்சது மேரியஸ்ங்கற கான்சல், 107ல. அந்த சிப்பாய்ங்க போர் முடிஞ்சதும் நிலம் கேட்டாங்க, கேட்டது செனட்டை இல்ல, தங்களோட தளபதியை.